மாலை மாற்றும் கல்யாணத்தில் மாலையைக் கடைசியாக யோசிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழின் வாசகர் கடிதப் பகுதியில், சீர்திருத்தத் திருமணங்களில் பூ அலங்காரம் பெருகிவருவதைக் கண்டித்து ஒரு ஐயா எழுதியிருந்தார். புரோகிதர் வேண்டாம் என்று சொன்னவர்களுக்குப் பூப்பந்தல் மட்டும் எதற்கு, இரண்டு மாலை போதாதா என்று கேட்டிருந்தார். கடன் வாங்கி மேடை போடுகிற குடும்பங்களை நானும் பார்க்கிறேன். அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த 'இரண்டு மாலை' என்ற இடத்தில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. நான் திண்டுக்கல்லில் மாலைக்கடை வைத்திருப்பவள். அப்பா காலத்துக் கடை. ஐயர் வைத்து நடக்கும் கல்யாணம், சர்ச் கல்யாணம், நிக்காஹ், பதிவுத் திருமணம், தலைவர் நடத்திவைக்கும் கல்யாணம் என்று எல்லாவற்றுக்கும் எங்கள் கடையிலிருந்து மாலை போகிறது. பூ வாங்காமல் கல்யாணம் பண்ணுகிற மதத்தை நான் பார்த்ததில்லை.

இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று 7ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1928ல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் முன்னின்று நடத்திய கல்யாணம் தொடங்கி, ஊர் ஊராக நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கு வெகுகாலம் சட்டத்தில் இடம் இல்லை. அண்ணா முதல்வராக இருந்தபோது, 1967ல், திருத்தம் நிறைவேறி 1968 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதற்கு முன் நடந்தவையும் செல்லும் என்றானது. சொந்தக்காரர்களோ நண்பர்களோ முன்னால் இருக்க, இருவருக்கும் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லலாம். மாலை மாற்றிக்கொள்ளலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். இதில் எது செய்தாலும் கல்யாணம் முடிந்தது. ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மற்றக் கல்யாணங்களில் மாலை பல சடங்குகளில் ஒன்று. இங்கே மாலையிடுவதே கல்யாணமாக நிற்கிறது.

அப்படிப்பட்ட மாலையை நம் ஆட்கள் எப்போது வாங்குகிறார்கள் தெரியுமா? பெரும்பாலும் அன்று காலையில். மண்டபத்துக்குப் பணம் கட்டி, சாப்பாட்டுக்குச் சொல்லி, கேமராக்காரரைப் பிடித்து, எல்லாம் முடிந்தபின் யாரோ ஒரு சித்தப்பாவை வண்டியில் அனுப்புவார்கள். அவர் கடையில் தொங்குகிற பெரிய ரோஜா மாலையாகப் பார்த்து, ஜிகினா சுற்றியதா என்று கேட்டு, இரண்டை வாங்கிக்கொண்டு போவார். ஈரத்தோடு அது ஒவ்வொன்றும் மூன்று நான்கு கிலோ இருக்கும். கல்யாணப் பெண் அதைக் கழுத்தில் வாங்கியதும் தோளைச் சுருக்குவாள். இரண்டு போட்டோ எடுத்ததும் கழற்றி நாற்காலியில் போட்டுவிடுவார்கள். சட்டம் இடம் கொடுத்த ஒரு பொருளை இப்படி நடத்துவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறுவதில்லை.

மாலை என்றால் உடம்பு பார்த்துக் கட்ட வேண்டும். சீர்திருத்தத் திருமணத்துக்கு முன்கூட்டி வந்து கேட்பவர்களுக்கு நான் கட்டுவது பெரும்பாலும் சம்பங்கி மாலை. சம்பங்கியைக் காம்பு உள்ளே, முகம் வெளியே இருக்கும்படி ஒவ்வொன்றாக ஊசியில் கோக்க வேண்டும். நெருக்கிக் கோத்தால் மாலை விறைத்துப்போகும். கொஞ்சம் நெகிழ விட்டால் தோளில் அழகாக வழியும். பின்கழுத்தில் படுகிற ஒரு சாண் இடத்தில் சம்பங்கியும் வைக்க மாட்டேன், ரோஜாவும் வைக்க மாட்டேன். மரிக்கொழுந்தும் துளசியும் சேர்த்து வாழைநாரில் மெல்லிசாகக் கட்டி அந்த இடத்தில் விடுவேன். உறுத்தாது, கழுத்தில் வியர்வை பட்டால் வாசனை இன்னும் எழும். கீழே குஞ்சத்துக்கு மட்டும் சிவப்பு ரோஜா அல்லது கோழிக்கொண்டை. முழங்காலுக்கு மேல் ஒரு சாணில் குஞ்சம் நின்றால் நடக்கும்போது இடிக்காது. இதற்கெல்லாம் இருவரின் உயரமும் எனக்குத் தெரிய வேண்டும். சக்கர நாற்காலியில் வந்த ஒரு மாப்பிள்ளைக்கு மடிக்கு மேல் நிற்கும்படி குட்டையாகக் கட்டினேன். வழக்கமான நீளம் என்றால் குஞ்சம் சக்கரத்தில் சிக்கும். நாற்காலியின் முதுகுச்சாய்ப்பில் மாலை நசுங்காமல் இருக்கப் பின்கழுத்துப் பகுதியை ஒற்றைச் சரமாக விட்டேன். பெண்ணுக்கும் அதே அளவில்தான் கட்டச் சொன்னார்கள், இரண்டும் ஒரு ஜோடியாகத் தெரிய வேண்டும் என்று. அன்று சாப்பாடு முடிகிற வரை இருவரும் மாலையைக் கழற்றவில்லை என்று அவர்கள் வீட்டார் வந்து சொன்னார்கள்.

அடுத்தது மேடை. ஹோமகுண்டமும் மணவறையும் இல்லை என்றானதும் மேடையின் நடுப்பகுதி காலியாகிவிடுகிறது. அந்த இடத்தில் ஒரு சோபாவும் மைக்கும் வந்து உட்காருகின்றன. உறுதிமொழி சொல்லும் இருவரும் எங்கே நிற்பது என்று தெரியாமல் கேமராக்காரர் கை காட்டிய இடத்தில் நிற்கிறார்கள். பின்னால் எவ்வளவு செலவு செய்து பூச்சுவர் எழுப்பினாலும் இது சரியாவதில்லை. என் அபிப்பிராயத்தில் பூச்சுவருக்கு ஆகிற பணத்தில் கால்வாசியை எடுத்து, அந்த இருவரும் நிற்கப்போகிற இடத்தை அமைத்தால் போதும்.

ஆத்தூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நடந்த கல்யாணத்தைச் சொல்கிறேன். பெண் தமிழாசிரியை. மேடையே வேண்டாம், எல்லாரும் வட்டமாக உட்காருகிறோம் என்றார். நான்கு பக்கமும் பித்தளைக் குடத்தில் நெல் நிரப்பி, அன்று காலையில் பிளந்த தென்னம்பாளையை நிறுத்தினோம். பாளை விரிந்து தொங்கும்போது அதற்கு ஈடான அலங்காரம் எந்த ஊரிலிருந்து இறக்கினாலும் வராது, தோப்பில் அது காசில்லாமல் கிடைக்கிறது. நடுவில் தரையில் பூக்கோலம். தோப்பில் காற்று வீசும். உதிர்த்த இதழைப் போட்டால் சாப்பாட்டு இலைக்குப் போய்விடும். அதனால் வாடாமல்லியை முழுப்பூவாகவும், செவ்வந்தியைக் காம்பு நறுக்கித் தலைகீழாகவும் அடுக்கி, ஓரத்துக்கு நெல்லால் கரை கட்டினோம். ஒரு பக்கம் மட்டும் கோலத்தில் இடைவெளி விட்டோம், மாப்பிள்ளையின் பாட்டி கைத்தடியோடு உள்ளே வர வேண்டும் என்பதற்காக.

அந்த ஆசிரியை இன்னொன்றும் கேட்டிருந்தார். அகநானூற்றின் 86ஆம் பாட்டில் ஒரு பழைய கல்யாணம் வருகிறதாம். அதில் தீ வளர்க்கவில்லை, மந்திரம் இல்லை. நான்கு பெண்கள் பூவும் நெல்லும் கலந்த நீரைப் பெண்ணின் தலையில் வார்த்து வாழ்த்துகிறார்கள். ஈர இதழும் நெல்லும் கூந்தலில் ஒட்டி நிற்கிறதாம். அதை அவர் எனக்குப் படித்துக் காட்டினார். அதே போலச் செய்யலாமா என்று கேட்டதும் நான் பன்னீர் ரோஜாவை உதிர்த்து, விதைநெல்லில் ஒரு படி கலந்து, தாம்பாளத்தில் கொடுத்தேன். பட்டுப்புடவை நனைய வேண்டாம் என்று தண்ணீரை மட்டும் விட்டுவிட்டார்கள். பாட்டில் மகனைப் பெற்ற பெண்கள்தான் வாழ்த்துகிறார்கள். இங்கே நால்வரில் ஒருவர் கணவரை இழந்தவர், ஒருவர் கல்யாணமே செய்துகொள்ளாத அத்தை. பெண் அப்படித்தான் தேர்ந்தெடுத்திருந்தார். அரிசிக்குப் பதில் நெல்லும் பூவும் தூவினது எல்லாருக்கும் பிடித்திருந்தது. தோப்புத் தரையில் விழுந்ததைக் கோழிகள் பொறுக்கித் தின்றுவிட்டன.

பூவை யார் தொடலாம் என்கிற விஷயத்தை நான் கடந்து போக முடியாது. என் வீட்டுக்காரர் இறந்த பிறகும் கடையை நான்தான் நடத்துகிறேன். நான் கட்டிய மாலையை மண்டபத்துக்குக் கொண்டுபோனால் வாசலிலேயே வேறு யாராவது வாங்கிக்கொள்வார்கள். உள்ளே வராதே என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "நீங்க இங்கேயே இருங்கம்மா" என்பார்கள். என் விரல் படாத ஒரு பூகூட அந்த மாலையில் கிடையாது. ஆனாலும் மணமேடைக்கு நான் ஆகாது. வரவேற்புத் தட்டோடு நிற்கிற பெண்பிள்ளைகளும் அப்படித்தான்; சந்தனம், கல்கண்டு நீட்டிக்கொண்டே வருவார்கள், நெற்றியில் பொட்டு இல்லாதவர்கள் வந்தால் பூத்தட்டு மட்டும் லேசாகத் திரும்பிக்கொள்ளும். சடங்கை விட்டுவிட்டோம் என்று மேடையில் பேசுகிற வீடுகளிலும் வாசலில் இது நடக்கிறது.

ஒரு கல்யாணத்தில் மட்டும் வேறு மாதிரி பார்த்தேன். பெண்ணுக்கு அப்பா இல்லை. மாலையை எடுத்துக் கொடுக்க மாமாவையும் அத்தையையும் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் அசையவில்லை. "அம்மா கொடுக்கட்டும், வாங்கிக்கிறேன்" என்றாள். அம்மா தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். வரவே மாட்டேன் என்றார். மாப்பிள்ளையின் பாட்டி இறங்கிப்போய் அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். மாலையை எடுக்கும்போது அந்த அம்மாவுக்குக் கை நடுங்கி, குஞ்சம் தட்டில் மோதி இரண்டு ரோஜா உதிர்ந்தது. மாலை மாற்றி முடிந்ததும் அதே பாட்டி ஒரு முழம் மல்லியைக் கிள்ளி அந்த அம்மாவின் கொண்டையில் வைத்தார். பெரியவர்கள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐயா, ஆடம்பரம் என்று நீங்கள் சொல்கிற பூவுக்கு இந்த வேலையும் இருக்கிறது. வரவேற்புத் தட்டில் ஆளுக்கொரு பூ, ஆண் பெண் பார்க்காமல், யார் எப்படிப்பட்டவர் என்று கேட்காமல் கொடுக்கச் சொல்லுங்கள். ஆண்களுக்குச் சட்டைப்பையில் குத்திக்கொள்ள ஒரு பட்டன் ரோஸ் போதும். செலவு பெரிதாக ஆகாது.

செலவு என்றதும் நாள் பார்ப்பதைச் சொல்ல வேண்டும். முகூர்த்த நாளில் மல்லி கிலோ ஆயிரக்கணக்கில் போகும். மார்கழி, தை பனியில் மல்லி வரத்தே குறைந்து இன்னும் ஏறும். அதே சம்பங்கியும் செவ்வந்தியும் முகூர்த்தம் இல்லாத நாட்களில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் விவசாயி கொட்டிவிட்டுப் போவதை எங்கள் மார்க்கெட்டில் பார்த்திருக்கிறேன். நாள், நட்சத்திரம் பார்க்க மாட்டோம் என்கிற பிள்ளைகளும் மண்டபம், உறவினர் வசதி என்று கடைசியில் முகூர்த்த ஞாயிற்றுக்கிழமையில்தான் வந்து நிற்கிறார்கள். நம்பிக்கை இல்லாதவர்களுக்கு எந்த நாளும் நல்ல நாள் அல்லவா? ஆடியிலும் புரட்டாசியிலும் கோயில் விசேஷ நாட்களை மட்டும் தள்ளிவிட்டுத் தேதி வையுங்கள். பாதிச் செலவில் இரண்டு பங்கு பூ வாங்கலாம். விலை விழுந்த நாளில் ஒரு விவசாயியின் பூ விற்றதாகவும் இருக்கும். ஆடி, ஆவணியில் என்றால் பனங்காய்க் குலை கிடைக்கும். பந்தலில் தென்னங்குருத்துத் தோரணத்துக்கு இடையில் அதைத் தொங்கவிட்டால் கறுப்பும் வெளிர்பச்சையுமாக அப்படி ஒரு எடுப்பு.

பதிவுத் திருமணம் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிறப்புத் திருமணச் சட்டப்படி முப்பது நாள் முன்னறிவிப்பு கொடுத்து, மூன்று சாட்சி வைத்துக் கையெழுத்துப் போடுகிறீர்கள். அந்த முப்பது நாளில் ஒரு நாள் பூவுக்கு ஒதுக்குங்கள். பதிவு அலுவலகத்துக்குப் பெரிய மாலை வேண்டாம். அறை சின்னது, அடுத்த ஆள் காத்திருப்பார், மேஜையெல்லாம் காகிதம். இடுப்பளவில் நிற்கும் ஒற்றைச் சர மாலை போதும், இதழ் உதிராத பூவாக இருக்கட்டும். வேறு வேறு மதத்துப் பிள்ளைகள் என்றால் எனக்கு ஒரு விருப்பம் உண்டு, இரு வீட்டிலும் பூ கொண்டுவரச் சொல்வேன். நாகர்கோவில் பக்கத்துப் பெண், நிலக்கோட்டைப் பக்கத்துப் பையன் என்று ஒரு ஜோடி வந்தார்கள். பெண் வீட்டார் தோவாளையிலிருந்து பிச்சிப்பூ கொண்டுவந்தார்கள், பையன் வீட்டில் சொந்தத் தோட்டத்து மல்லி. இரண்டையும் கண்ணி மாற்றிக் கண்ணி வைத்து ஒரே சரமாகக் கட்டினேன். இரண்டு சம்பந்தியம்மாக்களும் என் கடைத் திண்ணையில் உட்கார்ந்து நார் கிழித்துக் கொடுத்தார்கள். அதற்கு முன் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லையாம்.

சாயங்கால வரவேற்புக்கு மல்லியைப் போல ஒன்று கிடையாது. விடியற்காலையில் மொட்டாகப் பறிப்பது விளக்கு வைத்த பிறகுதான் விரியும். மதியம் மொட்டாகவே சரம் சரமாகத் தொங்கவிட்டுவிட்டால், விருந்தினர் வந்து உட்கார்ந்த பிறகு அவர்கள் கண் முன்னாலேயே அது வெள்ளையாக மாறும், மண்டபம் முழுக்க வாசனை வந்து சேரும். உறுதிமொழியை ஏழு மணிக்குச் சொல்கிறீர்களா, எட்டு மணிக்கா என்று நான் கேட்பது அதற்காகத்தான். மண்டபத்தில் ஏசி போட்டால் விரிவது தாமதமாகும், அதையும் சொல்லிவிடுங்கள். வாடிவிடும் என்று பயந்து யாரும் தண்ணீர் தெளிக்க வேண்டாம். மல்லியில் தண்ணீர் நின்றால் பழுப்பேறும். நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி வாழைமட்டையில் வைத்தால் போதும்.

இப்போது அலங்காரக்காரர்கள் பச்சை நிற ஃபோம் கட்டியில் பூ செருகுகிறார்கள். அது பிளாஸ்டிக். தூளாக உதிரும், மக்காது. மண்டபத்துக் குப்பையோடு சேர்ந்து குளத்துக்குப் போகிறது. இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதை அனுமதிப்பதில்லை. நமக்கு வாழைத்தண்டு இருக்கிறது. வெட்டிய தண்டில் ஈர்க்குச்சியால் துளை போட்டுப் பூவைச் செருகினால் அதன் ஈரமே ஒரு பகல் முழுக்கக் காக்கும். எங்கள் அப்பா ஊஞ்சல் அலங்காரம் முழுவதையும் அப்படித்தான் செய்தார். முடிந்ததும் மாட்டுக்குப் போட்டுவிடலாம். வாடகைக்கு வருகிற பிளாஸ்டிக் பூவைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. மாலை மாற்றுகிற கல்யாணத்தில் மேடை முழுக்கப் பொய்ப்பூ இருப்பது எனக்கு உடன்பாடில்லை.

வரவேற்பில் கேக் வெட்டுகிற வழக்கம் வந்துவிட்டதால் ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கேக் மேலும் சாப்பாட்டு மேஜையிலும் அரளி வைக்காதீர்கள், செங்காந்தள் வைக்காதீர்கள். செங்காந்தள் நம் மாநில மலர் என்று ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள். இரண்டும் நஞ்சு. குழந்தைகள் கை எட்டாத உயரத்தில் மட்டும் கட்டலாம். தோவாளைக்காரர்கள் அரளியும் நொச்சி இலையும் வைத்துக் கட்டுகிற மாணிக்க மாலை பார்க்க அவ்வளவு அழகு, கழுத்துக்கு அது சரி. கேக்குக்குப் பன்னீர் ரோஜா வையுங்கள், அதுவும் மருந்தடிக்காத தோட்டத்துப் பூவா என்று கேட்டு.

அந்த வாசகர் ஐயாவுக்கும், தேதி குறித்துவிட்டுக் காத்திருக்கிற பிள்ளைகளுக்கும் என் வேண்டுகோள்: உங்கள் ஊரில் மாலை கட்டுகிறவரைப் பத்து நாள் முன்னால் போய்ப் பாருங்கள். இருவரின் உயரம், உறுதிமொழி சொல்லும் நேரம், இடம் திறந்தவெளியா மண்டபமா, யாருக்காவது வாசனை ஒத்துக்கொள்ளாதா என்பதைச் சொல்லுங்கள். மாலையை எடுத்துக் கொடுக்கப்போவது யார் என்றும் சொல்லுங்கள். அவர் கை தாங்குகிற கனத்தில் கட்டித் தருவோம்.

இப்படிக்கு,
மாலை கட்டும் வாசகி,
திண்டுக்கல்.